லோடு டிரைலர் மாட்டினா 5வது கியர் போடலாமா? ஓவர்டிரைவ் எப்போ வேணும், எப்போ வேணாம் (வேலூர் பக்கம் ஓட்டுறவங்க வாங்க)

கேள்வி, ஆற்காடு வாசகர், ஏப்ரல் 11

"அண்ணா, 5 கியர் டீசல் பிக்கப் வெச்சிருக்கேன். ரெண்டு சக்கர டிரைலர்ல 62.5 கேவிஏ ஜெனரேட்டர் ஏத்தி வாடகைக்கு உட ஆரம்பிச்சிருக்கேன். வண்டி, லோடு, டிரைலர் எல்லாம் சேத்து 4 டன் கிட்ட வருது. மெக்கானிக் 5வது கியர தொடவே தொடாத, அது ஓவர்டிரைவ், பாக்ஸ் போய்டும்ங்கறாரு. மாமா என்னடான்னா 4வதுல போனா டீசல் குடிக்கும், 5வதுலயே போடாங்கறாரு. யார் பேச்ச கேக்கறது?"

ஏப்ரல் 11, ராத்திரி 10.50

ரெண்டு பேருமே பாதி பாதி சரி. சமமான ரோடு, எதிர்காத்து இல்ல, 60, 65ல போற, கால லேசா வெச்சாலே வண்டி ஓடுதுன்னா 5வது போடு, ஒண்ணும் ஆவாது. முக்கால்வாசி மிதிச்சாதான் ஸ்பீடு நிக்குதுன்னா 4வதுக்கு வந்துடு. மேடு தெரிஞ்சா ஏறுறதுக்கு முன்னாடியே வா, நடு மேட்டுல வராத. எறக்கம்னா 5வத மறந்துடு. மீதிய நாளைக்கு எழுதறேன், இப்ப கண்ணு சொருவுது.

ஏப்ரல் 12, காலைல

மெக்கானிக் ஏன் அப்படி சொல்றாருன்னு பாத்துடலாம், அவர் சும்மா சொல்லல. பிக்கப், ஜீப்பு மாதிரி பின் வீல் ஓட்டற வண்டில இருக்கற 5 கியர் பாக்ஸ்ல 4வது கியர் பெரும்பாலும் நேர் கியரு, 1க்கு 1. எஞ்சின் ஷாஃப்டும் வெளிய போற ஷாஃப்டும் ஒண்ணா பூட்டிக்கும், இழுவை கீழ இருக்கற லே ஷாஃப்ட் வழியா சுத்திகினு போறதில்ல, நேரா போவும். பல்லு மேல லோடே இல்ல. அதனாலதான் 4வதுல பாக்ஸ் சத்தமும் கம்மியா இருக்கும். 5வதுல விகிதம் 0.8 மாதிரி இருக்கும், அதாவது எஞ்சின் 0.8 சுத்து சுத்தினா பின் வீலுக்கு போற புரொப்பல்லர் ஷாஃப்ட் 1 சுத்து சுத்தும். இதுதான் ஓவர்டிரைவ். இதுல மொத்த இழுவையும் லே ஷாஃப்டுக்கு எறங்கி 5வது பல்லு வழியா மேல ஏறி போவணும். பழைய 4 கியர் பாக்ஸையே வெச்சிகினு பின்னாடி வால் பக்கம் 5வத ஒட்டவெச்ச டிசைனுங்க நெறைய உண்டு, அந்த எடத்துக்கு ஆயில் போறதும் கொஞ்சம் கம்மி, பேரிங்கும் சின்னது. அதுல 4 டன்ன மாட்டி நாள் முழுக்க முழு மிதில இழுத்தா மொத போறது 5வது கியர் தான். எத்தன பாக்ஸ பிரிச்சு பாத்திருப்பாரு அந்த மெக்கானிக், அந்த பயம் அவருக்கு.

ஆனா தொடவே தொடாதன்னா அது ஓவர். லேசா லோடு போவும்போது அந்த பல்லுக்கு ஒண்ணும் ஆவாது, அதுக்குதான் அத வெச்சிருக்கான்.

ஏப்ரல் 12, மத்தியானம்

கணக்கு போட்டா தான் தெளியும், பேப்பர எடுத்துக்கோ தம்பி. 215/75 ஆர்15 டயர் ஒரு சுத்துக்கு 2.2 மீட்டர் சொச்சம் போவும். 60 கிமீ வேகம்னா நிமிஷத்துக்கு 1000 மீட்டர், அப்ப வீல் 450 சுத்து கிட்ட சுத்தும். டிஃபரன்ஷியல் (பின் ஆக்சில்ல ஷாஃப்ட் சுத்த கொறச்சு வீலுக்கு தர்ற கியரு) விகிதம் 4.1னு வெச்சுக்க (உன் வண்டிக்கு எவ்ளோன்னு புக்க பாத்துக்கோ, ஒவ்வொண்ணும் வேற வேற). 4வது நேர் கியர்ல எஞ்சின் 1850 ஆர்பிஎம், 5வது 0.8ல 1480.

இப்ப தேவை எவ்ளோன்னு பாரு. 4 டன்ன சமமான ரோட்ல 60ல ஓட்ட டயர் உருள்ற எதிர்ப்பும் காத்தும் சேத்து வீல்ல 20 குதிரை சக்தி சுமாருக்கு போதும். அதே ரோடு 2 சதவீதம் ஏறுச்சுன்னா, அதாவது 100 மீட்டர் போனா 2 மீட்டர் ஏறுது, கண்ணுக்கே தெரியாது, அதுக்கு 37 குதிரை. 5 சதவீதம்னா 64.

எஞ்சின் 200 என்எம் டார்க் (முறுக்கு விசை) தருதுன்னு வெச்சா 1480 ஆர்பிஎம்ல அதால குடுக்க முடியறது 42 குதிரை தான், அதுவும் முழுசா மிதிச்சா. கியர்பாக்ஸ், கிரவுன் பினியன் (டிஃபரன்ஷியல் பல்லு) தின்னது போவ வீலுக்கு இன்னும் கம்மி. அதனால சமமான ரோட்ல 5வது தாராளம், 2 சதவீதத்துல இழுத்துகினு திணறும், 5 சதவீதத்துல வாய்ப்பே இல்ல. 4வதுலயும் 52 தான் வரும், பத்தாது. 3வதுக்கு வந்து ஸ்பீட 50க்கு உட்டா தான் நிக்கும். மாமா கிட்ட இந்த நம்பர காட்டு, கோச்சிக்க மாட்டாரு.

ஏப்ரல் 14

புத்தாண்டு அன்னிக்கும் நமக்கு வேலை தான், கோயில்ல சீரியல் செட்டு போட்டா ஜெனரேட்டர் போய்தானே ஆவணும். நடுவுல ஒக்காந்து எழுதறேன்.

காட்பாடி வாசகர் ஒருத்தர் "என் கார்ல 4வது கியரே 1க்கு கீழ இருக்கு, அப்ப 4வதும் ஓவர்டிரைவ் தானே, 3வதுல போவணுமா"ன்னு கேட்டிருக்காரு. நல்ல கேள்வி, ஆனா கார வேற மாதிரி பாக்கணும். முன் வீல் ஓட்டற கார்ல நேர் கியர்னு ஒண்ணு கெடயாது, எல்லா கியரும் ஒரு ஷாஃப்ட்ல இருந்து இன்னொரு ஷாஃப்டுக்கு பல்லு வழியா தான் போவும். அங்க 1க்கு 1ங்கற நம்பருக்கு தனி மரியாத எதுவும் இல்ல. கடைசில எண்ணிக்கைல வர்றது கியர் விகிதம், டிஃபரன்ஷியல் விகிதம், டயர் உயரம் மூணும் சேந்த மொத்த கணக்கு தான். பெரிய லாரிங்கள்ல பாருங்க, அதே பாக்ஸ டாப் கியர் நேர்ல வர்ற மாதிரியும் செய்வான், டாப் கியர் ஓவர்டிரைவ்ல வர்ற மாதிரியும் செய்வான், அதுக்கு ஏத்த மாதிரி டிஃபரன்ஷியல மாத்திடுவான். அதனால ஓவர்டிரைவ்னாலே பூஞ்ச கியர்னு நெனைக்க வேணாம். பூஞ்சயா இல்லயாங்கறது அந்த பாக்ஸ செஞ்ச விதத்துல இருக்கு.

அதுக்காக கார்ல ஜெனரேட்டர் மாட்டாதீங்க சார்.

ஏப்ரல் 20, ராத்திரி

சவூதில இருக்கற பேரணாம்பட்டு பாய் ஒருத்தர் எழுதியிருக்காரு. பழைய அமெரிக்க பிக்கப், ஆட்டோமேட்டிக், தண்ணி டாங்க் டிரைலர் இழுக்கறாராம். "ஷிஃப்டர்ல ஒரு பட்டன் இருக்கு, அமுக்கினா டேஷ்ல ஓ/டி ஆஃப்னு மஞ்ச லைட் எரியுது, எரிஞ்சா ஓவர்டிரைவ் வேல செய்யுதா இல்லயா"ங்கறாரு.

பாய், லைட் எரிஞ்சா ஓவர்டிரைவ் இல்லன்னு அர்த்தம். லைட்ட பாத்து ஏதோ ஃபால்ட்னு திரும்ப அமுக்கி அணைச்சிடறவங்க நெறைய பேரு. லோடு இழுக்கும்போது அது எரிஞ்சிகினு இருக்கறதுதான் நல்லது, ரோடு சமமா நீட்டா இருந்தா மட்டும் அணைச்சுக்கோங்க.

ஆட்டோமேட்டிக்ல கத வேற. அங்க பல்லு போறது பெரிய பயம் இல்ல, சூடு தான் பயம். மேட்டுல வண்டி 4வதுல (இந்த பாக்ஸ்ல இதான் ஓவர்டிரைவ்) இழுக்க முடியாம 3வதுக்கு வரும், ஸ்பீடு ஏறின உடனே திரும்ப 4வதுக்கு போவும், திரும்ப திணறி 3வது. இப்படி மாத்தி மாத்தி குதிச்சிகினே இருக்கும். ஒவ்வொரு தடவ மாறும்போதும் உள்ள கிளட்சும் பேண்டும் (டிரம்ம சுத்தி புடிக்கற பட்டை) வழுக்கி புடிக்கும், டார்க் கன்வர்டர் (எஞ்சினுக்கும் பாக்ஸுக்கும் நடுவுல ஆயில்ல ஓடற இணைப்பு) லாக்க உட்டுட்டு ஆயில கலக்கும், எல்லாம் சூடா மாறி ஆயிலுக்குள்ள தான் எறங்கும். ஆயில் கருகினா கொஞ்ச நாள்ல கிளட்ச் பிளேட்டும் கருகும். பட்டன அமுக்கிட்டா இந்த ஊஞ்சல் ஆட்டமே கெடயாது, 3வதுலயே நின்னு இழுக்கும். எஞ்சின் கொஞ்சம் சத்தம் போடும், போட்டா போட்டும்.

ஏப்ரல் 21

மேல எழுதினதுக்கு ஒரு சேர்மானம். அந்த காலத்து ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) வண்டிங்கள்ல வர்ற 700ஆர்4 பாக்ஸ எடுத்துக்கோங்க, 1982ல வந்தது. 3.06, 1.63, 1.00, 0.70ன்னு நாலு கியரு. 3வதுல இருந்து 4வதுக்கு எவ்ளோ பெரிய தாவல் பாருங்க, 60ல போய்கினு இருந்தா எஞ்சின் சுத்து ஒரேடியா 30 சதவீதம் விழும். லோடு இல்லாம போனா அது சொகம், டிரைலரோட போனா எஞ்சினுக்கு மூச்சு முட்டும். 4வத புடிச்சு வெக்கறது ஒரே ஒரு பேண்டு, அதே பேண்டு தான் 2வதுக்கும் வேல செய்யுது, அதுக்கு ஓய்வே கெடயாது.

ஏன் இப்படி செஞ்சான்? 1973ல எண்ணெய் நெருக்கடி வந்துச்சு, அதுக்கப்புறம் 1975ல அமெரிக்காவுல மைலேஜ் சட்டம் போட்டாங்க. கம்பெனிங்க எல்லாம் ஹைவேல எஞ்சின் சுத்த கொறைக்க வழி தேடினதுல பழைய மூணு கியர் ஆட்டோமேட்டிக் தலைல நாலாவதா ஓவர்டிரைவ் வந்து ஒக்காந்துச்சு. டீசலும் பெட்ரோலும் மிச்சம் புடிக்க வந்த கியர், பாரம் இழுக்க வந்த கியர் இல்ல. இத ஞாபகம் வெச்சா மீதி எல்லாம் தானா வெளங்கும்.

மே 5

அக்னி நட்சத்திரம் ஆரம்பிச்சிடுச்சு, வேலூர் வெயில பத்தி வெளியூர்காரங்களுக்கு நான் சொல்லணுமா இன்னா. இந்த மாசத்துல கணக்கு எல்லாம் ஒரு படி மாறும். வெளி காத்தே 41, 42 டிகிரில இருந்தா ரேடியேட்டருக்கு சூட்ட வெளிய தள்ள எடம் கம்மி. எஞ்சின் 1300, 1400 ஆர்பிஎம்ல முழு மிதில முக்கிகினு இருந்தா தண்ணி பம்பும் மெதுவா சுத்தும், பெல்ட்டு ஃபேனா இருந்தா அதுவும் மெதுவா சுத்தும், ஆனா சிலிண்டர் உள்ள சூடு உச்சத்துல. சுத்து அதிகமானா சூடு ஏறும்னு நெறைய பேரு தப்பா நெனச்சிகினு கியர கொறைக்க மாட்டாங்க. பாரத்தோட மேடு ஏறும்போது ஒரு கியர் கொறச்சு 2200ல உட்டா டெம்பரேச்சர் முள்ளு எறங்கறத நான் பள்ளிகொண்டா தாண்டி ஆம்பூர் போற வழில பாத்திருக்கேன், ஏசிய கூட அணைக்கல.

அந்த ரோடே ஒரு மாயம். வேலூர் கடல் மட்டத்துல இருந்து 200 மீட்டர் சொச்சம், பெங்களூரு 900க்கு மேல. நடுவுல கிருஷ்ணகிரி வரைக்கும் ஓட்டறவனுக்கு ஏறுறோம்னே தோணாது, பாலாறு பக்கத்துலயே வருது, எல்லாம் தட்டையா தெரியுது. ஆனா 5வதுல போற வண்டி காரணமே இல்லாம 65ல இருந்து 58க்கு எறங்கும். எஞ்சின்ல கோளாறுன்னு டீசல் ஃபில்டர மாத்துவாங்க. ஃபில்டர் பாவம் இன்னா பண்ணுச்சு.

மே 6

ஆற்காடு தம்பி திரும்ப கேக்கறான், "அண்ணா முக்கால்வாசி மிதின்னு சொன்னீங்களே, அத எப்படி அளக்கறது"ன்னு. யோசிச்சு பாத்தா அந்த அளவு எல்லா வண்டிக்கும் ஒத்து வராது. கேபிள் ஆக்சிலேட்டர்ல சரி. இப்ப வர்ற வண்டில பெடலுக்கும் எஞ்சினுக்கும் நடுவுல கம்ப்யூட்டர் இருக்கு, பாதி மிதிச்சாலே முழு டார்க்க குடுத்துடற மாதிரி கூட செட் பண்ணியிருப்பான். அதனால இப்படி பாரு: போய்கினு இருக்கும்போதே இன்னும் ஒரு அரை இஞ்சு மிதி. வண்டி வேகம் ஏறுச்சுன்னா கைல மிச்சம் இருக்கு, அந்த கியர்லயே இரு. மிதிச்சும் ஒண்ணும் நடக்கலன்னா, சத்தம் மட்டும் கும்முனு கனமாச்சுன்னா, கியர் லீவர் கைல அதிருச்சுன்னா மிச்சம் தீந்துபோச்சு, கியர கொற. மீட்டரே வேணாம் இதுக்கு.

மே 17

கொஞ்ச நாளா ஆளே காணோம்னு கேட்டிருக்கீங்க. வைகாசி 1ன்னா குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு திருவிழா, நம்ம தொழில்ல இருக்கறவன் அந்த வாரம் வீட்டுல இருப்பானா. கௌண்டன்யா ஆத்தாண்ட வண்டிய நிறுத்திட்டு, கூட்டத்துல வெளிய எடுக்க முடியாம, அப்படியே டிரைலர் மேல ஏறி சிரசு பாத்தேன். கியர பத்தி அங்க ஒண்ணும் கத்துக்கல.

திரும்பி வந்த கையோட பேரணாம்பட்டுல இருந்து பத்தலப்பல்லி மல ஏறி வி.கோட்டா பக்கம் ஒரு கல்யாணத்துக்கு ஜெனரேட்டர் கொண்டு போனேன். அந்த மலைல ஓவர்டிரைவ் பேச்சுக்கே எடம் இல்ல, 2வது, 3வது, திரும்ப 2வது. ஏறுறத விட எறங்கறது தான் அங்க வெஷயம்.

எங்க நைனா லாரி ஓட்டினவரு. அவர் சொல்றது, எந்த கியர்ல ஏறினயோ அதே கியர்ல எறங்கு. ஏலகிரி 14 வளைவுலயும் அப்படித்தான் ஓட்டுவாரு. இப்ப வர்ற வண்டிங்களுக்கு எஞ்சின் பலம் அதிகம், ஏறுறது 3வதுலயே ஏறிடுது, அதனால எறங்கும்போது ஏறின கியர விட ஒண்ணு கம்மில எறங்கறது இன்னும் நல்லதுன்னு எனக்கு படுது. நைனா கிட்ட சொன்னேன், "உன் இஷ்டம், பிரேக்கு உன்னுது"ன்னாரு.

மே 18

எறக்கத்துக்கும் ஒரு கணக்கு போட்டு பாத்தேன். 4 டன், 6 சதவீதம் எறக்கம், 40 கிமீ வேகம். டயரும் காத்தும் தடுக்கறத கழிச்சா மிச்சம் 19 கிலோவாட் சுமாருக்கு எங்கயாவது போய்தான் ஆவணும். வீட்டுல இருக்கற கீசர் 2 கிலோவாட்டு. ஒம்போது கீசர வண்டி பிரேக் டிரம்முக்குள்ள போட்டு அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம் ஓட உட்டா எப்படி இருக்கும், அதான். 2வது, 3வதுல எறங்கினா அதுல பெரும்பங்க எஞ்சின் வாங்கிக்கும். 5வதுல எறங்கினா எஞ்சின் சுத்து கம்மி, புடிக்கவும் புடிக்காது, டிரம்மு தான் எல்லாத்தயும் வாங்கும். காஞ்சு போன பிரேக்க மிதிச்சா பெடல் இருக்கும், பிரேக் இருக்காது.

டிரைலர்ல ஓவர்ரன் பிரேக் இருக்கறவங்க ஒண்ணு கவனிங்க. டிரைலர் முன்னாடி தள்ளினா தானா புடிக்கற பிரேக் அது. எஞ்சின் பிரேக்ல மெதுவா எறங்கும்போது டிரைலர் தள்ளிகினே இருக்கும், அதனால அதோட டிரம்மு எறக்கம் முழுக்க ஒரசிகினே வரும். கீழ வந்ததும் நிறுத்தி டிரைலர் வீலாண்ட கைய வெச்சு பாருங்க. தொடாதீங்க, கிட்ட வெச்சு பாருங்க.

ஜூன் 2

"எறக்கத்துல நியூட்ரல்ல உட்டா டீசல் மிச்சம்"னு ஒரு வாணியம்பாடி அண்ணாத்த எழுதியிருக்காரு. இத படிச்சதும் எனக்கு கோவமே வந்துடுச்சு, இருந்தாலும் மரியாதயா சொல்றேன்.

கியர்ல இருக்கும்போது ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்தா வீலு தான் எஞ்சின சுத்துது, பம்பு டீசல நிறுத்திடும். நியூட்ரல்ல உட்டா எஞ்சின் தானா ஓடணும், ஐடில்ல டீசல் குடிச்சிகினே இருக்கும். மிச்சம்ங்கறதே தலகீழ். அதுக்கு மேல தொப்பூர் கணவாய்ல எத்தன லாரி போயிருக்குன்னு பேப்பர் படிக்கறவங்களுக்கு தெரியும், பாதி கத இந்த நியூட்ரல் கத தான். ஓவர்டிரைவ்ல எறங்கறது நியூட்ரலோட சின்ன தம்பி, அவ்ளோதான் வித்தியாசம்.

ஜூன் 3

கோவத்துல எழுதினது நேத்து. அண்ணாத்த பதில் போட்டிருக்காரு, "முப்பது வருஷமா இப்படித்தான் ஓட்டறேன், ஒண்ணும் ஆவல"ன்னு. ஒண்ணும் ஆவாத வரைக்கும் எல்லாமே ஒண்ணும் ஆவல தான் அண்ணா. நல்லா இருங்க.

ஜூன் 15

பேச்சு கியர உட்டு எங்கயோ போவுது, போவட்டும். டிரைலர் பாம்பு மாதிரி பின்னாடி ஆடுதுன்னு ராணிப்பேட்ட வாசகர் கேக்கறாரு. 70 தாண்டினா ஆடுதாம். கியருக்கும் இதுக்கும் நேரடி சம்பந்தம் இல்ல, வெயிட்ட எங்க வெச்சிருக்கீங்கன்னு பாருங்க. ஜெனரேட்டர ஆக்சிலுக்கு பின்னாடி தள்ளி வெச்சிருந்தா கொக்கி மேல பாரம் எறங்காது, வாலு ஆடும். அமெரிக்காக்காரன் டிரைலரோட மொத்த வெயிட்ல 10ல இருந்து 15 சதவீதம் கொக்கி மேல இருக்கணும்ங்கறான். 2 டன் டிரைலர்னா 200 கிலோவாவது. ஆனா உங்க வண்டியோட கொக்கி எவ்ளோ தாங்கும்னு கம்பெனி போட்டிருப்பான், அத தாண்டாதீங்க. ஜெனரேட்டரோட எடையில எஞ்சின் பக்கம் ஒரு மாதிரி, ஆல்டர்நேட்டர் பக்கம் ஒரு மாதிரி, நடு சென்டர்ல வெச்சா பாதின்னு கணக்கு பண்ணாதீங்க. டீசல் டாங்க் நெறஞ்சிருக்கா காலியாங்கறதும் சேத்துக்கோங்க.

ஆட ஆரம்பிச்சா பிரேக்க டக்குனு மிதிக்காதீங்க, ஸ்டீயரிங்க திருப்பி சரி பண்ணவும் பாக்காதீங்க. கால எடுங்க, ஸ்டீயரிங்க நேரா புடிங்க, தானா அடங்கும். இங்க ஓவர்டிரைவுக்கு ஒரே ஒரு நல்ல பேரு: 4வதுல போனா எஞ்சின் சத்தத்துக்கு பயந்தே யாரும் 80 தாண்ட மாட்டான், 5வதுல அமைதியா இருக்கறதால தெரியாமலே 85க்கு போய்டறான்.

இது நல்ல பேரா கெட்ட பேரான்னு இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு.

ஜூன் 15, அதே நாள்

டிரைலருக்கு தனி ஆர்சி, தனி இன்ஷூரன்ஸ் வேணும், மறக்காதீங்க. வெல்டிங் பட்டறைல செஞ்சு நம்பர் இல்லாம ஓட்டினா நடு ரோட்ல ஒரு நாள் கத முடியும்.

ஜூன் 28

கரும்பு டிராக்டர்ங்கள பத்தி யாராவது பேசுங்களேன். திருவலம் பக்கம் ராத்திரில ரெண்டு டிரைலர் கரும்ப மாட்டிகினு, பின்னாடி ஒரு சிவப்பு ஸ்டிக்கர் கூட இல்லாம, 20 கிமீல போவுது. ஓவர்டிரைவ்ல கால லேசா வெச்சுகினு அமைதியா வர்றவனுக்கு திடீர்னு முன்னாடி ஒரு கரும்பு மல முளைக்கும். 4வதுல இருந்தா கால எடுத்த ஒடனே கொஞ்சமாவது புடிக்கும். ராத்திரில நான் 5வது அவ்ளோவா போடாததுக்கு இதுவும் ஒரு காரணம், எந்த புக்குலயும் போட்டிருக்காது.

ஜூலை 19

அமெரிக்காவுல இருக்கற ஆரணி வாசகர் ஒருத்தர்: "புது பிக்கப், 10 கியர் ஆட்டோமேட்டிக், ஓவர்டிரைவ் பட்டனே இல்ல, எத அணைக்கறது?"

சார், உங்க வண்டில ஒரு ஓவர்டிரைவ் இல்ல, மூணு இருக்கு. ஃபோர்டு 10ஆர்80 பாக்ஸ்ல 7வது தான் 1க்கு 1, 8, 9, 10 மூணும் 1க்கு கீழ, 0.85, 0.69, 0.64. அதுக்கு முன்னாடி வந்த ஜிஎம் 6 கியர் பாக்ஸ்ல 4வது 1.15, 5வது 0.85, 6வது 0.67, சரியா 1ன்னு ஒரு கியரே கெடயாது. அதனால ஒத்த பட்டன் கத அங்க முடிஞ்சுபோச்சு. அதுக்கு பதிலா டோ/ஹால்னு லோடு இழுக்கறதுக்கு ஒரு மோடு இருக்கும், அத போட்டா பாக்ஸ் மேல் கியருக்கு லேட்டா போவும், அடிக்கடி குதிக்காது, எறக்கத்துல பிரேக்க தொட்டா தானா கியர கொறச்சு எஞ்சின் பிரேக் தரும். மேல் கியர்ங்கள்ல படிகளும் கிட்ட கிட்ட இருக்கறதால பழைய 700ஆர்4 மாதிரி 30 சதவீத தாவல் இல்ல. 8வதுல போறதுக்கு நீங்க பயப்பட வேணாம். குதிச்சிகினே இருந்தா மட்டும் மேல் கியர்ங்கள பூட்டிடுங்க, அதுக்கு ஷிஃப்டர்லயே வழி இருக்கும்.

பழைய பாக்ஸுக்கு சொன்ன அறிவுரைய புது பாக்ஸுக்கும் அப்படியே ஒப்பிக்கறவங்க இருக்காங்க, நம்ம ஊர்லயும் இருக்காங்க. வண்டியோட புக்குல ஒரு பக்கம் டிரைலர் பத்தி இருக்கும், அத படிங்க மொதல்ல.

ஆகஸ்ட் 8

பேரணாம்பட்டு பாய் திரும்ப வந்திருக்காரு, சந்தோஷம். பட்டன அமுக்கிட்டு ஓட்டறாராம், குதிக்கறது நின்னுபோச்சாம், ஆனா "ஆயில் லேசா பழுப்பா இருக்கு, மாத்தணுமா"ங்கறாரு. பாய், சிவப்பு போய் பழுப்பாகி கருகின வாசன வந்தா மாத்துங்க. வாசன இல்லாம லேசா நெறம் மட்டும் மாறியிருந்தா இன்னும் கொஞ்சம் ஓட்டலாம், ஆனா அந்த ஊர் சூட்டுல லோடு இழுக்கறீங்க, புக்குல கடுமையான உபயோகத்துக்குன்னு தனியா ஒரு கிமீ போட்டிருப்பான், உங்களுக்கு அதான் கணக்கு. ரேடியேட்டருக்கு முன்னாடி தனியா ஒரு ஆயில் கூலர் மாட்டினா இன்னும் நல்லது. மேனுவல் ஓட்டறவங்க சிரிக்காதீங்க, உங்க கியர்பாக்ஸ் ஆயிலும் டிஃபரன்ஷியல் ஆயிலும் எப்ப மாத்தினீங்கன்னு யோசிங்க.

ஆகஸ்ட் 9

ஆற்காடு தம்பிக்கு கடைசியா கேட்டதுக்கு பதில். "4வதுலயே 80 போனா எஞ்சின் 2470 சுத்துதே, ஒண்ணும் ஆவாதா?" எஞ்சினுக்கு ஒண்ணும் ஆவாது, இந்த டீசலுங்க 3000க்கு மேலயும் சுத்த செஞ்சதுதான். கேள்வி எஞ்சின பத்தி இல்லப்பா, 2 டன் டிரைலர மாட்டிகினு 80 எதுக்கு? டிரைலர் டயர்ல காத்து சரியா இருக்கான்னு எப்ப பாத்த? 60ல போ, கல்யாண வீட்டுல ஜெனரேட்டர ஒரு மணி நேரம் முன்னாடி கெளம்பி கொண்டு போய் வெச்சிடு. வாடகைய முன்கூட்டியே வாங்கிடு, அத மட்டும் எந்த கியர்லயும் மறக்காத.